அண்ணன் கணக்கில் பறந்தவள்

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவளை விமான நிலையத்தில் பையும் கையுமாக நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று உங்களில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். மீதிப் பேருக்கு அவள்மேல் கோபம். ஏழு வருடமாக இதுகூடத் தெரியாமலா ஒருத்தி பறப்பாள் என்று கேட்கிறீர்கள்.

பறப்பாள். வேலைக்காக விமானம் ஏறுகிறவளுக்கு அதுவும் ஒரு பஸ்தான். ஏறுவாள், தூங்குவாள், இறங்குவாள், போன இடத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். டிக்கெட் எடுத்த கார்டில் பாயிண்ட் ஏறுகிறதா, ஏறினால் யார் கணக்கில் ஏறுகிறது என்றெல்லாம் பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய பெரிய சலவை மெஷின் செய்து கொடுக்கிற கம்பெனி. அப்பா தொடங்கியது. அவர் போன பிறகு அண்ணனுக்குப் பாதி, சின்னவளுக்குப் பாதி. அண்ணன் மாடி அறையில் முதலாளியாக இருக்கிறான். சின்னவள் கீழே பட்டறையில் மெஷினோடு மெஷினாக இருக்கிறாள். வெளியூரில் மெஷின் பூட்டவும் பழுது பார்க்கவும் வருடத்துக்கு நாலைந்து முறை விமானம் ஏறுவது அவள்தான்.

அதற்காக அண்ணன் ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தான். பெரிய விமானக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்த கார்டு. அதில் அவள் பெயர் இருந்தது, அதனால் அது தன்னுடையது என்று நினைத்திருந்தாள். போன வாரம் துறைமுக ஊரிலிருந்து திரும்பும்போது, மெஷினிலிருந்து கழற்றிய பேரிங்கின் கனத்தில் பை எடை கூடிவிட்டது. "பாயிண்ட்ல கழிச்சுக்க முடியுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் கவுன்ட்டர் பெண் விஷயத்தைச் சொன்னாள். இது துணைக் கார்டு. பாயிண்டெல்லாம் முதல் கார்டு வைத்திருப்பவர் கணக்குக்குப் போகும்.

"அதுல எப்பவுமே நிறைய இருந்திருக்கே மேடம். எப்ப வேணும்னாலும் ஃப்ரீ டிக்கெட் எடுத்திருக்கலாமே" என்றாள் அந்தப் பெண், நல்ல மனதோடு.

எப்ப வேணும்னாலும். அந்த வார்த்தையில்தான் சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு சாயங்காலம், இதே துறைமுக ஊர் ஓட்டலில் அவள் மெஷின் பூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். "மெஷின் ஓடுதா?" என்று கேட்டான். அவன் எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பான். ஓடுகிறது என்றாள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு முடியவில்லை என்றான்.

டிக்கெட் போடச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் கையில் இருந்த கார்டின் செலவு வரம்பு அவன் கையில் இருந்தது. "பாயிண்டெல்லாம் தீந்துபோச்சு பாப்பா. இந்த நேரத்துல டிக்கெட் யானை விலை. பஸ் புடிச்சு வந்துரு" என்றான். பஸ் பிடித்து வந்தாள். அப்பா காத்திருக்கவில்லை.

அடுத்த மாதமே அண்ணனும் அண்ணியும் விமானத்தில் ஊர் சுற்றப் போனார்கள். மனசு சரியில்லை, ஒரு மாறுதலுக்கு என்றார்கள். அவர்களைக் காரில் கொண்டுபோய் இறக்கி, பெட்டியை எடுத்துக் கொடுத்து, கையசைத்துவிட்டு வந்தது சின்னவள்தான்.

கையசைத்தாள்! எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

*

ஒரு வாரமாகச் சின்னவளுக்கு ஒரே வேலை. விமானக் கார்டுகளைப் பற்றிப் படித்தாள். வரன் பார்க்கிற வீட்டில்கூட இத்தனை விசாரணை நடக்காது. எந்தக் கார்டுக்கு என்ன கட்டணம், எந்த விமானம் எந்த ஊருக்குப் போகிறது, பை எத்தனை கிலோ என்று ஒவ்வொன்றையும் கிளறி, தனக்கென்று ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அது இன்று காலை கூரியரில் வந்து சேர்ந்தது.

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எந்தச் சீட்டையும் இரண்டு முறை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். கார்டோடு வந்த தாளையும் அப்படியே படித்தார்.

"இது அந்தச் சின்ன விமானக் கம்பெனி கார்டாச்சே? லவுஞ்ச் கிடையாது, ஓசிச் சாப்பாடு கிடையாது, பாயிண்டும் கிள்ளித்தான் குடுப்பான் போலிருக்கு. இதுக்கா ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்ட?"

"வருஷத்துக்கு நாலு தடவ போறவளுக்கு லவுஞ்ச் எதுக்குங்க? அங்க உக்காந்து தவமா பண்ணப் போறேன்? இதுக்கு வருஷக் கட்டணம் இல்ல. ஒரு பை கூடுதலா ஏத்திக்குவான், என் பேரிங் போயிரும். அதோட துறைமுக ஊருக்கு நேராப் போறது இனிமே இவன் ஒருத்தன்தான்."

"பெரிய விமானம் போகுதே?"

"அடுத்த மாசத்துலேர்ந்து போகாது."

போன வாரம் துறைமுக ஊர் விமான நிலையத்தில், பக்கத்துக் கவுன்ட்டரின் எடை மெஷினை இரண்டு பேர் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாராவது மெஷினைக் கழற்றினால் சின்னவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. நின்று விசாரித்தாள். பெரிய விமானக் கம்பெனி அந்த ஊருக்கு வருவதையே நிறுத்தப் போகிறதாம். வெளியே இன்னும் சொல்லவில்லை. டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

சின்னவள் கார்டைப் பையில் வைத்து மூடினாள்.

கணவருக்குப் புரிந்துவிட்டது. துறைமுக ஊர் ஓட்டலில் புதுக் கட்டடம் எழும்புகிறது. அது முழுக்கச் சலவை மெஷின் வேண்டும். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார் ஓட்டல்காரர். பத்து மணிக்கு வராதவருக்குப் பதினோரு மணிக்குக் கதவு திறக்காத மனிதர். இந்த முறை நானே போகிறேன் என்று அண்ணன் கிளம்பியிருக்கிறான். பெரிய விமானக் கம்பெனியின் தங்கக் கார்டு எடுத்து, அதிலேயே டிக்கெட் போடுவதாகத் திட்டம். கார்டு விற்பவர் இன்றைக்கு ஆபீசுக்கு வருகிறார்.

"நேராக் கேட்டுரு" என்றார் கணவர். "பாயிண்ட் இருந்துச்சே, ஏன் பொய் சொன்னேன்னு மூஞ்சிக்கு நேராக் கேளு."

"கேட்டா அழுவான். அவன் அழுதா நான் மன்னிச்சிருவேன். அதான் கேக்கல."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா இருக்கப் போறேன். அவங்க ரத்துன்னு சொல்றப்ப சின்ன விமானம் நிரம்பியிருக்கும். அது குட்டி விமானம். அவனும் ஒரு தடவ பஸ்ல போகட்டும்ங்க. விடிய விடிய ஜன்னல்ல தலைய இடிச்சுக்கிட்டு, போய்ச் சேருவோமா மாட்டோமான்னு தெரியாம போகட்டும்."

கணவர் அந்தத் தாளை மூன்றாவது முறை படிக்கத் தொடங்கினார். பேச்சில் தோற்றால் அவர் அப்படித்தான் செய்வார்.

*

கம்பெனியின் மாடி அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழே பட்டறையில் புது மெஷினுக்குள் நனைத்த துணியை அடைத்து முழு வேகத்தில் சுற்ற விட்டுச் சோதிக்கும்போது மாடியே நடுங்கும். மேஜையில் டீ கிளாஸ்கள் தானாக நகரும். பேசினால் கேட்காது. அதனால் ஆளுக்கொரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு, விட்ட வார்த்தையிலேயே காத்திருப்பார்கள். மெஷின் நின்றதும் அதே வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள்.

கார்டு விற்க வந்தவருக்கு இது தெரியாது.

"சார், உங்கள மாதிரி பிசினஸ்மேன்களுக்குன்னே செஞ்சது இந்தத் தங்க..."

மெஷின் சுற்றியது. அவர் கத்திப் பார்த்தார். அண்ணன் ஒரு கையால் கிளாஸையும் மறு கையால் அவரையும் அடக்கினான். அண்ணி இரண்டு கிளாஸைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றாள். மெஷின் நின்றது.

"...க் கார்டு" என்று முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

லவுஞ்ச் உண்டு. தனி வரிசை உண்டு. ஒரு டிக்கெட் எடுத்தால் கூட வருபவருக்கு ஒரு டிக்கெட் இலவசம். அண்ணனுக்குக் கண் விரிந்துகொண்டே போயிற்று.

"வருஷத்துக்கு எத்தன தடவ பறப்பீங்க சார்?"

"நானா? நான் எங்க... பாப்பாதான் நாலஞ்சு தடவ போவா."

விற்க வந்தவர் ஒரு நொடி தயங்கினார். இத்தனை குறைவாகப் பறப்பவருக்கு இவ்வளவு கட்டணத்தில் ஒரு கார்டு தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "அப்ப உங்களுக்கு இதுதான் சார் கரெக்ட்" என்றார். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும் அல்லவா?

"பாத்தியா, உனக்கும் சேத்து ஓசி டிக்கெட்" என்று அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினான்.

"துறைமுக ஊருக்கா? நான் வரல" என்றாள் அண்ணி.

"ஏன் வராம? லவுஞ்ச் இருக்குடி!"

அண்ணி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று சின்னவளுக்கு விளங்கவில்லை. இலவசம் என்றால் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவள் அவள்.

"சரி பாப்பா, நீதான அடிக்கடி போறவ" என்று அண்ணன் இப்போது சின்னவளைப் பார்த்தான். "இந்த விமானம் அங்க போகுதுல்ல?"

மெஷின்கூடச் சுற்றவில்லை. அறை அமைதியாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தையில் அவனைக் காப்பாற்றியிருக்கலாம்.

"போன வாரம்கூட நான் அதுலதானண்ணா போயிட்டு வந்தேன்."

இதில் எந்த எழுத்தும் பொய்யில்லை. பொய் சொல்லக்கூடாது என்று அப்பா வளர்த்த பெண் அவள்.

விற்க வந்தவர் அங்கேயே இரண்டு டிக்கெட் போட்டார். "பழைய கார்டுல இருக்கற பாயிண்ட மொத்தமா முதல் வருஷக் கட்டணத்துல கழிச்சுக்கலாம் சார். கழிச்சா திரும்ப வராது, பரவால்லியா?"

"கழிச்சு விடுங்க" என்றான் அண்ணன்.

ஏழு வருடம் சின்னவள் விமானத்தில் தூங்கித் தூங்கிச் சேர்த்துக் கொடுத்தது எல்லாம் ஒரு விரல் தொட்டதில் போயிற்று. அவள் வருத்தப்படவில்லை. அவனுக்கு இனி அதுவும் இல்லை என்பது இனிப்பாக இருந்தது.

"பாப்பா, உனக்கும் இதுலயே ஒரு துணைக் கார்டு சொல்லிரட்டுமா?" அண்ணன் பெரிய மனதோடு கேட்டான்.

"வேணாம்ணா. எனக்கு இருக்கறதே போதும்."

*

கீழே இறங்கியபோது அவள் மனம் குளிர்ந்திருந்தது. மறைப்பானேன், எனக்கும் குளிர்ந்துதான் இருந்தது.

அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்தவன் குண்டூசி. பட்டறையின் மூத்த ஃபிட்டர். ஆள் அத்தனை ஒல்லி.

"அக்கா, அந்த ஓட்டல் ஆர்டர் வந்தா ரெண்டாவது ஷிஃப்ட் போடுவோம்னு முதலாளி சொன்னாரு. என் வீட்டுக்காரியும் வேலைக்கு வரேங்கறா. துணி லோடு பண்ற இடத்துல போட்டுக்குவீங்களா?"

"வரட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொன்னா எப்படிக்கா? அவ இப்பவே ரெண்டு புடவை எடுத்துட்டா."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் போகாவிட்டால் அவளே போய்க் கையெழுத்துப் போடலாம், பாதிக் கம்பெனி அவளுடையது. ஆனால் ஓட்டல்காரர் முதலாளியைத்தான் வரச் சொல்லியிருக்கிறார். முகத்தில் கிரீஸோடு மெஷினுக்கு அடியில் படுத்திருப்பவளாகத்தான் அவளை அவருக்குத் தெரியும். இவளோடு பேச முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் ஆர்டர் போகும். அண்ணனுக்கு வெட்டிய குழியில் குண்டூசியின் குடும்பமும் சேர்ந்து விழும்.

என் கோபத்துக்கு இவர்கள் என்ன பண்ணுவார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததுமே கோபம் வந்தது, தன்மேல். சொல்லித் தொலைத்துவிடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"அவர்கிட்ட பேசப் போறியா பாப்பா? அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்."

"என்ன அண்ணி, ஓசி டிக்கெட்ட வேணாம்னுட்டீங்க?"

"அந்த ஊர் பேரக் கேட்டாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது." அண்ணி கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். "உங்கண்ணன் உனக்கு சாயங்காலம்தான போன் பண்ணார்? டாக்டர் காலைலயே சொல்லிட்டார் பாப்பா. வர வேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னு."

சின்னவளும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் ஒரு விமானம் இருந்துச்சு. பாயிண்டும் இருந்துச்சு. உன் பேரப் போட்டு எல்லாம் முடிச்சிட்டேன். கடைசியா ஒரு தடவ அழுத்தணும், அவ்வளவுதான். அவர் வந்து என் கையிலேர்ந்து போனப் புடுங்கிட்டு..."

கீழே குண்டூசி மெஷினைச் சுற்ற விட்டான்.

படி நடுங்கியது. கம்பி நடுங்கியது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். சின்னவளுக்கு அந்தச் சத்தம் நிற்கவே கூடாது போலவும் இருந்தது, உடனே நிற்க வேண்டும் போலவும் இருந்தது. நின்றது.

"...'மெஷின் ஓடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்'னார். 'இப்ப சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துருவா, ஓட்டல்காரன் பணத்த நிறுத்திருவான்'னார். மாமா ரெண்டு தடவ உன்னக் கேட்டார். பாப்பா கிளம்பிட்டாளான்னு. கிளம்பிட்டான்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

சின்னவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடமாக, மன்னிக்கவும், ஒரு வாரமாக, அவள் நினைத்திருந்தது வேறு. ஊர் சுற்றுகிற ஆசையில் பாயிண்டைப் பதுக்கிய கஞ்சன் என்றுதான் நினைத்திருந்தாள். கஞ்சனை ஒருநாள் மன்னித்துவிடலாம். இவன் கணக்குப் போட்டிருக்கிறான். சாகக் கிடக்கிற அப்பாவை ஒரு பக்கமும் ஓடவேண்டிய மெஷினை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்திருக்கிறான். அவள் "ஓடுது" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அப்பாவைக் கொடுத்திருக்கிறான்.

"அந்தப் பாயிண்ட்லதான் அடுத்த மாசம் என்னக் கூட்டிட்டுப் போனார்" என்றாள் அண்ணி. "நானும் போனேன். நீ பெட்டி எடுத்துக் குடுத்த. அன்னிலேர்ந்து எனக்கு உன் முகத்தப் பாத்துப் பேச முடியல."

மாடிக் கதவு திறந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தான். கையில் தங்கக் கார்டின் விளம்பரத் தாள் இருந்தது.

"என்ன பாப்பா, பாதிப் படில உக்காந்துட்ட? ஏதாவது சொல்ல வந்தியா?"

சின்னவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பெரிய விமானம் இனி அங்கே போகாது, ஐந்து வார்த்தை. தொண்டை வரை வந்து தயாராக இருந்த வார்த்தைகள். அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"ஒண்ணுமில்லண்ணா" என்றாள். "மெஷின் ஓடுது."

"அது போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் பையைத் திறந்து புதுக் கார்டை எடுத்தாள். போனில் சின்ன விமானக் கம்பெனியைத் திறந்தாள். துறைமுக ஊர், திங்கட்கிழமைக்கு முந்தின நாள். ஓட்டல்காரர் கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, பத்து மணிக்கு முன்னால் அந்தக் கதவுக்கு எதிரில் முதலாளியாக நிற்கப்போவது அவள். குண்டூசி வீட்டுக்காரி எடுத்த புடவைக்கு அவளே பொறுப்பு.

எத்தனை பேர் பயணம் என்று கேட்டது போன்.

அண்ணி ஒரு படி இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு போடுறியா?"

"அந்த ஊருக்கு வரலன்னு சொன்னீங்களே?"

"அவர்கூட வரலன்னுதான் சொன்னேன்."

சின்னவள் அந்த முகத்தைப் பார்த்தாள். தப்பு செய்து அழுகிற முகம். ஆனால் இரண்டு வருடம் வாயைத் திறக்காத முகமும் அதுதான். கிளம்பிட்டாள் என்று அப்பாவிடம் சொன்ன வாயும் அதுதான். விரல் திரைக்கு மேலேயே நின்றது.

கீழே குண்டூசி அடுத்த மெஷினைச் சுற்ற விட்டான். அது நிற்கிறவரை இனி யாரும் யாரோடும் பேச முடியாது.